லண்டன் மூடி போட்ட ஆம்ப்ளிபயர்

நகரி ஆதிநாராயணன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் காது மட்டும் பந்தலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிடமே இருக்கும். "நாதஸ்வரம் மூக்கால பாடுது" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஆம்ப்ளிபயரைத் திருகிவிட்டு வருவான். ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த அந்த நாட்களில் மைக் செட் வாடகைக்கு விடுவதுதான் அவன் பிழைப்பு. பிழைப்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அவனைப் போலவே பைத்தியம் பிடித்த நாலைந்து செட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்து ஓட்டலில் கூடுவார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு மதியம் வரை ரேடியோ வால்வுகளைப் பற்றியே பேச்சு. எந்தச் செட்டானாலும் சத்தத்தைக் கேட்பதற்கு முன் விலையைக் கேட்பது அங்கே வழக்கம். ஆதி தானே பாகம் பாகமாகப் பூட்டிய ஆம்ப்ளிபயரைக் கொண்டுபோய், சொற்பமான அதன் உண்மை விலையைச் சொன்னான். அவர்களில் ஒருவரான புத்தூர் நாகபூஷணம் உதட்டைப் பிதுக்கினார். பாட்டு முடியும்வரைகூட உட்காரவில்லை. எனக்கு இன்றும் அந்த மனிதர்மேல் கோபம்தான்.

ஆதி சும்மா இருப்பானா? உடைந்த சீமை ரேடியோ ஒன்றின் மர மூடியை அதே ஆம்ப்ளிபயருக்கு மாட்டி, மெருகேற்றி, சில மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுபோனான். லண்டன் சரக்கு, விலை ஆயிரத்து ஐந்நூறு என்றான். நாகபூஷணம் பாட்டில் லயித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாடறவரு மூச்சு வுடறதுகூட கேக்குது. சால பாகுந்தி, ரொம்ப நல்லாக்கீது."

பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஆதி வாடகையை இரட்டிப்பாக்கினான்.

எல்லையில் இருந்த நகரியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று தமிழர்கள் கூட்டம் போட, கூடாது என்று தெலுங்கர்கள் கூட்டம் போட, இரண்டு பக்கத்துக்கும் அதே லண்டன் செட்தான். ஒரு தமிழ்க் கூட்டத்தில் ஆதி மைக்கைத் தட்டிப் பார்த்து, "ஒகடி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணிவிட்டான். தெலுங்குப் பள்ளியில் படித்தவனுக்கு எண்ணிக்கை அப்படித்தான் வரும். கூட்டத்தில் பாதிப் பேரும் சந்தையில் அப்படித்தான் எண்ணுகிறவர்கள். ஆனால் அன்று மைதானமே முறைத்தது.

கூட்டம் கூட்டிய கோவர்த்தனன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏம்பா ஆதி, ஆயிரத்து ஐந்நூறுக்கு மிஷின் வாங்க உனக்கு ஏது துட்டு? தெலுங்குக்காரங்க வாங்கிக் குடுத்தாங்களா? நம்ம ஆளுங்க பேசறப்ப சத்தத்தக் கொறைக்கச் சொல்லிக்கீறாங்களா?"

யாரோ ஒருவன் குழாயின் கம்பியைப் பிடித்து இழுத்தான். வாங்கினேன் என்றால் துரோகிப் பட்டம். நானே செய்தேன் என்றால் லண்டன் பெருமை போச்சு. போதாக்குறைக்கு முன்வரிசையில் நாகபூஷணம். பேச்சைக் கேட்க அல்ல, ஆம்ப்ளிபயரைக் கேட்க வந்தவர்.

ஆதி திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினான். உள்ளே மண்ணெண்ணெய் டின் தகரம், பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்கள், அவன் கைப்பட்ட ஈயப் பற்றவைப்பு.

"நான் பூட்டினதுண்ணா. வெலை பொய்யி. வேற யார் துட்டும் இதுல இல்ல."

கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இந்த டப்பாவுக்கா எங்ககிட்ட ரெட்டை வாடகை வாங்கிக்கினு இருந்த? பாதிதான் தருவேன், போ."

சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. கூட்டம் நடந்தது; கடைசி வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. முடிந்ததும் நாகபூஷணம் வந்து ஆதியின் தோளில் கை போட்டார்.

"எனக்கு மொதல்லியே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சிப்பா. தகர சத்தம் வருது பாரு."

துரோகி என்று ஊரே முறைத்தபோது தாங்கியவனுக்கு அந்த வார்த்தையில் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சோறு போட்ட மனைவி தாட்சாயணி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தானே செஞ்சீங்க. இன்னாத்துக்குப் பொய் வெலை சொன்னீங்க?"

"உண்மை வெலையத்தான் மொதல்ல சொன்னேன் தாட்சாயணி. யாருக்கும் காது கேக்கல."