கிஸ்லர் வீட்டுப் புகை

என் மாமனார் பால்ஸ் கிஸ்லர் எங்கள் ஏரிக்கரை ஊரின் காற்றுக் காவலர். தெற்குக் காற்று மலையைத் தாண்டிச் சூடாக இறங்கினால் ஒரே பகலில் பனி உருகிவிடும், மரக்கூரைகள் சருகாகக் காய்ந்துவிடும். அவருடைய தாத்தா காலத்தில் ஒரு பொறி பறந்து ஊர் முழுக்கச் சாம்பலானது. அன்றிலிருந்து, காற்று அடிக்கிற நாளில் எந்த வீட்டிலும் நெருப்பு கூடாது. கிஸ்லர் வீடு வீடாகப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். வாயிலிருக்கும் சுருட்டைப் பிடுங்கி மிதிப்பார். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

"மாவு பொங்கி வழியுது, நீங்க வந்து நிக்கிறீங்க! அந்தக் காத்தும் நீங்களும் ஒரே வயித்துல பொறந்தீங்களா?" என்பார் ரொட்டிக்காரர் தோனி.

"என் பேச்சை இந்த ஊர்ல எவன் மதிக்கிறான்?" என்று மாமனார் வீட்டுக்கு வந்து புலம்புவார். சரியான பிடிவாதக்காரர். எனக்கு அவரைப் பிடிக்கவே நாளாயிற்று.

அவருடைய ஒரே மகள் வெரேனாவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்த அன்று காற்று இறங்கியது. தேவாலயத்திலிருந்து வந்ததும் தன் வீட்டு அடுப்பைத்தான் முதலில் அணைத்தார். விருந்துக்கான இறைச்சி சூப் அரைவேக்காட்டில் நின்றது. மேட்டு ஊரிலிருந்து வந்த என் சொந்தக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் காற்று நின்றது. ஏரியில் ஒரு அலை இல்லை. இந்தக் காற்று நடுவில் இளைப்பாறிவிட்டு மறுபடி வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், என் அம்மாவைத் தவிர.

"அதான் காத்து ஓஞ்சுடுச்சே சம்பந்தி? பொண்ணு வீட்ல பச்சைக் கறி போட்டாங்கன்னு ஊர்ல போய்ச் சொல்லவா?"

வெரேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத்தான் மாமனாரால் தாங்க முடியவில்லை. "கொஞ்ச நேரந்தான்" என்று அவரே பற்றவைத்தார்.

சூப் கொதிக்கும்போது காற்றில் கதவு படாரென்று அடித்தது. வெளியே எட்டிப் பார்த்த மாமனார் அப்படியே நின்றுவிட்டார். ஊரின் எல்லாப் புகைபோக்கிகளிலும் புகை. கூரைகளுக்கு மேல் பொறி பறந்தது.

"அப்பா, தண்ணி!"

வாளி காலி. வெரேனா பானையைத் தூக்கி, கறியும் சூப்புமாக அடுப்பில் கவிழ்த்தாள். கல்யாண உடையோடு தெருவில் இறங்கி ஓடினாள். நானும் மாமனாரும் பின்னால் ஓடினோம்.

தோனியின் விறகுக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. மாமனார் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"யாருய்யா உன்னைப் பத்த வைக்கச் சொன்னது?"

"உங்க வீட்ல புகை வந்துச்சே! கிஸ்லரே பத்த வெச்சுட்டாருன்னா பயமில்லன்னுதானய்யா ஊரே பத்த வெச்சுது!"

கொட்டகையோடு போயிற்று. ஊர் தப்பியது. சாயங்காலம் எல்லோரும் ஆறிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். மாமனார் கை வைக்கவே இல்லை.

"எல்லாரும் என்னை நம்பித்தான் இருந்திருக்காங்க மாப்ள" என்றார். "இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.