கடை மாடியில் சுலைமான் பாய் வளர்த்த கோபி மீன்கள்

சுலைமான் பாய் இறந்த செய்தி காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவர் மகள் ஷாகிரா. "சார், அத்தா போய்ட்டாரு. தூக்கத்துலயே போய்ட்டாரு" என்றார். பதிலுக்கு நான் "எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டேன். கேட்கக்கூடிய கேள்வியா அது என்று இன்றுவரை கூச்சமாக இருக்கிறது. தொலைபேசியை வைத்ததும் எதிரே திறந்திருந்த நோட்டு கண்ணில் பட்டது. அதில் அன்று காலை நான் எழுதியிருந்த வரி: "முட்டை, ஆறாம் நாள்." மறுநாள் மாலை பொரிக்க வேண்டிய மீன் முட்டைகள். அவர் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு தடவைகூட முட்டையைத் தொட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் அவர் பாத்திரக்கடையை அறியாதவர் குறைவு. அதன் மாடியில் ஒரு கடல் இருந்ததை நம்மைப் போல மீன் வளர்க்கும் சிலரே அறிவோம். ஆறடி நீளத் தொட்டி. கடலூரிலிருந்து கேனில் வரும் உப்புத் தண்ணீர். பவளங்களும் அவற்றினிடையே ஒரு ஜோடி நியான் கோபியும். விரல் நீளம்கூட இல்லாத கறுப்பு மீன்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரு நீலக் கோடு. நான் மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடம் வாங்கப் போன இடத்தில், "சார் லேப்ல இருந்தவரா? அப்ப மேல வாங்க, ஒரு தண்ணி பாக்கணும்" என்று அழைத்தார். அன்று ஏறிய மாடி. குடம் வாங்க மறந்து வீடு திரும்பினேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாடிக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவார். கழுவாமல் தொட்டிப் பக்கம் போகமாட்டார். "இது கட கை சார். நாள் முழுக்க பித்தளையும் செம்பும் தொட்ட கை. ஒரு சொட்டு செம்பு உள்ள போனா பவளம் பூரா காலி" என்பார். வேதியியல் படித்த நான் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

கோபி மீனை வளர்ப்பது கடினமில்லை, குஞ்சு எடுப்பதுதான் கடினம். பெண் மீன் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் முட்டையிடும். ஆண் மீன் உள்ளேயே இருந்து ஏழு நாள் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏழாம் நாள் மாலை குழாயைத் தண்ணீரோடு எடுத்துத் தனிக் கறுப்புத் தொட்டிக்கு மாற்றி, விளக்கை அணைக்க வேண்டும். அரைமணியில் பொரிக்கும். கண்ணிமை மயிரைவிட மெல்லிய குஞ்சுகள். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்த்து அவற்றுக்கு ஊட்ட வேண்டும். மாற்றும்போது இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை செய்தவர்கள் எனக்குப் பரிசளித்த தெர்மாமீட்டரை அந்தச் சிறு தொட்டியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நாளுக்கு மூன்று முறை பார்த்து எழுதினேன். பாய் சிரிப்பார். "எதுக்கு சார் இவ்ளோ? முழங்கைய வுட்டுப் பாருங்க. கொழந்தைக்கு வெந்நீர் பாக்கறதில்ல, அது மாதிரி." நான் அதை அறிவியல் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் தடவை குஞ்சுகள் ஐந்தாம் நாள் செத்தன. இரண்டாம் தடவை முட்டையே தப்பிப்பது பெரும்பாடாகிவிட்டது. மாடி ஜன்னலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர், "மல கறுத்துக்கினு வருது சார். இன்னும் கா மணி நேரத்துல கரண்ட் போயிடும்" என்றார். கல்வராயன் மலையில் மழை இறங்கினால் ஊரில் மின்சாரம் நிற்பது வழக்கம்தான். அன்று பேட்டரி பம்பும் கைவிட்டது. காற்று இல்லையென்றால் தொட்டி இரண்டு மணி நேரம் தாங்காது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். என் சொம்பிலிருந்து பாதி வெளியே சிந்தியது. "நான் தப்பா ஊத்தறேனா பாய்?" என்று கேட்டேன். "தண்ணிய ஊத்தறதுல இன்னா சார் தப்பு? நிறுத்தாதீங்க. கரண்ட் வர வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணுக்குப் போவக் கூடாது, அவ்ளோதான்" என்றார். மூன்று மணி நேரம் ஊற்றினோம். ஆண் மீன் குழாயை விட்டு வெளியே வரவில்லை. முட்டைகள் பிழைத்தன. பொரித்த குஞ்சுகள் ஆறாம் நாள் தொட்டியின் அடியில் தூசியாகக் கிடந்தன.

மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தெர்மாமீட்டரைப் பளபளவென்று துடைத்து, நோட்டில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். அந்த நாட்களில் பாயின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். ஒருநாள் குனிந்து அந்தத் தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தபோது என்னைப் பார்க்காமல், "கை ராசி இல்ல சார் எனக்கு" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றியிருந்ததோ என்னவோ.

ஐந்தாம் தடவைக்கு முன் என் தெர்மாமீட்டர் காணாமல் போனது. "எங்கியோ வெச்சிட்டேன் சார், தேடித் தரேன்" என்றார். வாரக்கணக்கில் தேடித் தரவில்லை. பரிசுப் பொருளை இப்படி அலட்சியமாகத் தொலைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் புழுங்கினேன், வாய் திறந்து கேட்கவில்லை. பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தார். அந்தத் தடவை பதினொரு குஞ்சுகள் பிழைத்து, நீலக் கோடு வந்து, தாய் தகப்பனைப் போலவே பாறையில் ஒட்டிக்கொண்டன. உங்களில் சிலர் வீட்டில் இருப்பவை அந்தப் பதினொன்றில் வந்தவை. வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: "நான் இன்னா பண்ணேன்? எல்லாம் சார் கணக்கு." நானும் அதை நம்பினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை ஷாகிரா கடைச் சாவியைத் தந்தார். "அத்தா முந்தா நாள் ராத்திரிகூட அந்த முட்டையத்தான் பேசிக்கினு இருந்தாரு. பாருங்க சார்" என்றார். சாவி வாங்கிய பிறகு படிக்கட்டின் கீழே சற்று நேரம் நின்றேன். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அன்று ஏழாம் நாள். ஏறிப் போய்ப் பார்த்தேன். முட்டைகளில் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாக மின்னின. ஆண் மீன் விசிறிக்கொண்டிருந்தது.

சிறு தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். சூட்டைப் பார்க்க பிளாஸ்டிக் தெர்மாமீட்டரை எடுத்தால் அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. மணி ஆறேகால். ஏழுக்குள் மாற்றியாக வேண்டும். மேசை இழுப்பறையில் பேட்டரி தேடினேன். அடியில், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, என் தெர்மாமீட்டர் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தது போல மின்னியது. அவர் தேடி எடுத்து வைத்திருக்கிறார், தருவதற்குள் போய்விட்டார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. நூலைக் கட்டினேன். தண்ணீரில் இறக்கப் போனேன்.

"சார்! அத உள்ள வுடாதீங்க!"

ஷாகிரா படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. என் கை அந்தரத்தில் நின்றது.

"அது பித்தள சார். உப்புத் தண்ணில களிம்பு வுடும். நாலு தபா குஞ்சு செத்தது அதாலதான். அத்தா களிம்பப் பாத்துக் கண்டுபுடிச்சாரு."

கண்ணாடிக் குழாயைச் சுற்றியிருந்த உறையைப் பார்த்தேன். பித்தளைதான். அத்தனை ஆண்டு கையில் வைத்திருந்தும் அது எனக்குக் கருவியாகத்தான் தெரிந்தது, ஒரு நாளும் பித்தளையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நானே அதன் களிம்பைத் துடைத்து மறுபடி உள்ளே விட்டிருக்கிறேன்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நானும் கேட்டேன் சார். 'அவரு பயந்த மனுசன். சொன்னா அப்புறம் மாடி ஏற மாட்டாரு. மீனு போனா இன்னொரு தபா முட்ட வெக்கும், சார் போய்ட்டா நான் யார் கூடப் பேசறது?'ன்னாரு. என்னயும் சொல்லாதன்னாரு. அத வுடுங்க, மணி ஆவுது. சூடு எப்படிப் பாப்பீங்க?"

சட்டைக் கையை மடித்தேன். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். பெரிய தொட்டியில் முழங்கையை விட்டேன். பிறகு சிறியதில். சிறியது சற்றுக் குளிர்ந்திருப்பதாகத் தோன்றியது. தோன்றியதா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. ஷாகிரா ஒரு சிறு கேனை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் தந்தார், அந்தக் கேனின் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மறுபடி முழங்கை. மறுபடி. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் குழாயை மாற்றி விளக்கை அணைத்தேன். இருட்டில் இருவரும் காத்திருந்தோம். அரைமணி கழித்து டார்ச்சைத் துணியால் மூடி ஓரமாகப் பிடித்தபோது, அந்த மங்கிய வெளிச்சத்தை நோக்கி மயிரிழைகள் நீந்தி வந்தன.

இதை எழுதும் இன்று அவற்றுக்குப் பதின்மூன்றாம் நாள். ஐந்தும் ஆறும் தாண்டிவிட்டன. மேலும் இரண்டு வாரம் போக வேண்டும், எதையும் உறுதியாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பழைய நோட்டை எடுத்து, நான்கு இடத்தில் "காரணம் தெரியவில்லை" என்பதை அடித்து, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். பாய்க்குக் கை ராசி இல்லை என்று நினைத்தவர்கள் யாராவது இருந்தால், ராசி கெட்டது என் கருவி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தெர்மாமீட்டரை ஷாகிரா என்னிடமே கொடுத்துவிட்டார். பாயின் பொருளாக என்னிடம் இருப்பது அதுதான். என் பொருளாக இருந்ததைவிட இப்போது கனக்கிறது. என் வீட்டு மேசையில் அதே வெள்ளைத் துணியில் இருக்கிறது. தினமும் மாலை அதை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். கையைக் கழுவிக்கொண்டு, மாடி ஏறுகிறேன் பாய்.