குமட்டல்காரி

அந்த விடுதியின் சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருந்தது. மாடிகளிலிருந்து பெரிய குழாய் வழியாகத் தொப்பென்று விழும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. தலையணை உறையில் காய்ந்த எச்சில், துண்டில் அப்பிய தலைச்சாயம், விரிப்பின் நடுவில் இன்னதென்று சொல்ல விரும்பாத மஞ்சள். எத்தனை வருஷம் ஆகியும் அவளுக்கு அது பழகவில்லை. முகத்தைச் சுளித்தபடியே வேலை செய்ததால் கூட இருந்தவர்கள் குமட்டல்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே அவள் நிஜமாகவே வாந்தி எடுக்கத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். பிறகு தானாக விட்டுவிடும்.

"மூக்கைப் பிடிச்சிக்கிட்டே வேலை செஞ்சா வயிறு வேற எப்படி இருக்கும்?" என்றார் மேற்பார்வையாளர்.

"இந்த வயசுல ஏதாவது விசேஷமா அண்ணி?" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சிரித்தாள். தெருமுனை டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அல்சர் மாத்திரை எழுதினார். பஸ் ஓட்டும் கணவனும், "நீ மனசுல போட்டு உழப்பிக்கிற" என்றான். உடம்பு இளைத்து ரவிக்கைகள் தொளதொளத்தன. அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் வேலையிலேயே முறுக்கியது. இந்த முறை விடவில்லை. முதலில் பச்சையாக வந்தது. பிறகு பழுப்பாக, மலநாற்றத்தோடு வந்தது. தன் வாயிலிருந்தா இது என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரார் அழுக்கையெல்லாம் பார்த்துச் சுளித்தவள், தன் நாற்றத்தின் நடுவில் சுருண்டு கிடந்தாள்.

"வெளுத்த விரிப்பு மேல பட்டுடுச்சா?" என்றார் மேற்பார்வையாளர்.

இஸ்திரி போடும் பெண்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

ஸ்கேனைப் பார்த்த அறுவை மருத்துவர் கணவனையும் அருகில் கூப்பிட்டார். "சிறுகுடல்ல ஒரு கட்டி. அதையும் இழுத்துக்கிட்டுக் குடல் தனக்குள்ளயே நுழைஞ்சிருக்கு. சட்டைக் கையை உள்பக்கமா இழுத்தா மடங்குமே, அந்த மாதிரி. இந்த இடத்துல கட்டி வர்றது அபூர்வம். அதான் சட்டுனு யாருக்கும் தோணாது."

"மனசால வந்ததில்லையா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"மனசுக்குக் கட்டியெல்லாம் செய்யத் தெரியாதும்மா."

கணவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

கெட்ட பகுதியை வெட்டி, குடலை இணைத்தார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்தார். அவளை அந்தப் பாடு படுத்திய பெரிய கட்டி வெறும் கொழுப்பு. ஒரு கெடுதலும் இல்லாதது. ஆனால் வெட்டி எடுத்த அதே துண்டில் பட்டாணியளவில் இன்னொன்று இருந்தது. அது புற்று.

"பெருசு பண்ணின ரகளையாலதான் சின்னது மாட்டிச்சு. பக்கத்துல எங்கயும் பரவல. ஆனா அப்பப்ப வந்து பாத்துக்கணும்."

சத்தமே போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்த அந்தப் பட்டாணியை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு அருவருத்தது. கணவன் அவள் கையைப் பிடிக்க வந்தான்.

"பஸ்ஸிலிருந்து நேரா வந்தியா? போய்க் கையைக் கழுவிட்டு வா" என்றாள். கழுவிவிட்டு வந்தவனிடம் கையைக் கொடுத்தாள்.

உடம்பு தேறியதும் அதே வேலைக்குத்தான் போனாள். இப்போது யாரும் குமட்டல்காரி என்று கூப்பிடுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் மேற்பார்வையாளர் மட்டும் அவளைச் சுட்டிக்காட்டி ஒரு கதை சொல்வார்.

"பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, இது சாதாரண வாந்தி இல்லைன்னு. நான்தான் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்."

அவள் கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டாள். "விரிப்பு நாத்தத்தைக்கூடப் பொறுத்துக்கலாம் சார். நீங்க இதைச் சொல்றப்பதான் எனக்குக் குமட்டுது."

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.