கார்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜேர்மனியில், ஹம் நகரத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். வாங்குவதற்கு அல்ல. வீட்டில் இருக்கிற பழைய சாமான்களே போதும், கணவர் உட்பட. சும்மா கால் போன போக்கில் நடந்தபோது ஒரு ஜேர்மன் பெரியவர் பழைய கமராக்களைப் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் பழைய மெமரி கார்டுகள், புளியங்கொட்டை போட்டு வைத்தமாதிரி. எல்லாவற்றையும் தானே ஃபோர்மட் செய்துவிட்டதாகவும், ஒன்றிலும் ஒரு படமும் இல்லை என்றும் அவர் பெருமையோடு சொன்னார்.

நான் ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தேன். பெரியவர் போத்தலைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கார்டுகளில் ஒரு காலத்தில் சந்தனம் மணந்தது என்பதை எந்த ஜேர்மன் வசனத்தில் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

உங்களிடம் சொல்லலாம். எனக்கு அப்போது இருபது வயது. பல் வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். கிழமை நாட்களில் மற்றவர்களின் வாய்க்குள் வெளிச்சம் பிடிப்பேன்; சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் வெளிச்சம் பிடிப்பேன். அக்காவின் கணவர், என் அத்தான், கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஆனால் தன்னை அவர் படப்பிடிப்பாளர் என்றுதான் அறிமுகம் செய்வார். கைப்பிடியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அக்கா மணப்பெண் அலங்காரம், அத்தான் படம், நான் லைட். பொம்பிளை உடுத்தும் அறைக்குள் ஆம்பிளைக்கு இடமில்லை என்பதால் அங்கே மட்டும் கமரா என் கைக்கு வரும். மிச்ச நேரமெல்லாம் நான் ஒரு நடமாடும் விளக்குக் கம்பம்.

படம் எடுப்பதைவிட அத்தானுக்குக் கார்டுகளைப் பராமரிப்பதில்தான் பக்தி. பக்தி என்று சும்மா சொல்லவில்லை. கணினியில் போட்டுப் படங்களை அழிக்கக்கூடாது, கமராவுக்குள் வைத்துத்தான் ஃபோர்மட் செய்யவேண்டும் என்பார். அது சரிதான், இப்போதும் விஷயம் தெரிந்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை இராகு காலத்தில் செய்யக்கூடாது என்று எந்தக் கமராப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. ஃபோர்மட் பொத்தானை அமத்துவதற்கு முன் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்பார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கலியாணத்தை அழிக்கிறம் பிள்ளை. சும்மா விளையாட்டே?"

ஃபோர்மட் செய்து வெறுமையான கார்டில் முதல் படம் எப்போதும் பிள்ளையார். எழுதத் தொடங்கும்போது சுழி போடுவதில்லையா, அதுபோல. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பிள்ளையாரைத்தான் எடுப்பார். அதனால் அந்த நாட்களில் எங்கள் ஒவ்வொரு கலியாணமும் பிள்ளையாரோடும், அவருக்குப் பின்னால் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் போகும் ஒரு லொறியோடும் ஆரம்பமாகும்.

இன்னொரு கட்டளை: கமராவில் சிவப்பு லைட் மினுங்கும்போது கார்டை உருவக்கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் கை வைத்துவிட்டேன். "சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறவனைப் பந்தியாலை எழுப்பலாமோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த மெஷினிலும் லைட் மினுங்கினால் நான் அதைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் இந்த மரியாதை உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் கமரா, லென்ஸ், முக்காலி, கார்டுகள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துப் படைத்தோம். கத்திக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிற சனம், கமராவை மட்டும் விட்டுவிடுமா? பொட்டு வைத்தது அக்கா. அடுத்த சனிக்கிழமை ஹனோவரில் சுதனின் கலியாணம்.

சுதன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்த பெடியன். ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் யாழ்ப்பாணத்தில். கலியாணத்துக்கு வர அவவுக்கு விசா கிடைக்கவில்லை. அவ கேட்டது ஒன்றே ஒன்று: தாலி கட்டுற படம் அன்றைக்கே தன் கண்ணில் பட வேண்டும். அதற்காகக் காலையிலேயே குளித்து, பட்டுச் சேலை உடுத்து, இன்டர்நெட் இருந்த பக்கத்து வீட்டில் போய்க் குந்தியிருந்தா. சுதனின் நண்பன் ஒருவன் லாப்டொப்போடு தயாராக நின்றான். அவன் வீடு மண்டபத்துக்கு அடுத்த தெருவில். படத்தைத் தந்தால் ஓடிப்போய் அனுப்பிவிடுவான்.

தாலி கட்டியாயிற்று. அத்தான் கால் மடித்து, குனிந்து, எழும்பி, ஐயரை இரண்டு தரம் இடித்து அந்த நேரத்தைப் படமாக்கினார். நான் கை நோக லைட்டை உயர்த்திப் பிடித்தேன். பிறகு அத்தான் கார்டை எடுத்து லாப்டொப்பில் செருகினார். ஒன்றும் வரவில்லை. திரும்பக் கமராவுக்குள் போட்டார். கமரா ஜேர்மன் மொழியில் அறிவித்தது: இந்தக் கார்டை வாசிக்க முடியவில்லை, ஃபோர்மட் செய்யவும். கீழே 'யா', 'நைன்' என்று, ஓமுக்கு ஒன்றும் இல்லைக்கு ஒன்றுமாக, இரண்டு பொத்தான்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து, ஜேர்மன் மொழியில் வந்த எந்தக் கட்டளைக்கும் மறுப்புச் சொல்லிப் பழகவில்லை. கையெழுத்து வை என்றால் வைத்தோம். இந்தத் திகதிக்கு வா என்றால் முதல் நாளே போய் வாசலில் நின்றோம். அத்தான் அந்தப் பரம்பரையின் தலைமகன். அவருடைய கைவிரல் தன் பாட்டில் 'யா' பக்கம் போனது. வேறு வேளையில் என்றால் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டிருப்பார். அன்று அதுகூட இல்லை.

நான் லைட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துவிட்டேன். "கையை எடுங்கோ அத்தான்."

"இதிலை செய்யச் சொல்லிக் கிடக்கு, பிள்ளை."

"சொல்லட்டும். நீங்கள் செய்யாதேங்கோ."

என் வாழ்க்கையில் அத்தானுக்கு நான் போட்ட முதல் கட்டளை அது. அவர் ஏற்கெனவே கட்டளைக்குக் கீழ்ப்படியும் நிலையில் இருந்ததால் என்னுடையதற்கும் கீழ்ப்படிந்தார்.

அதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. வடை கடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கணினி நிபுணர்கள் ஆனார்கள். ஒருவர் கார்டை ஊதச் சொன்னார். இன்னொருவர் குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். வீடியோ இருக்குத்தானே என்றார் ஒரு மாமா. அது வேறொருவர் எடுத்த கசெட், யாரும் ஊருக்குப் போகும்போதுதான் கொடுத்துவிட முடியும். அங்கே தாய் அந்த நிமிஷம் திரைக்கு முன்னால் காத்திருந்தா. இன்னொரு மாமா, தாலியைக் கழற்றித் திரும்ப ஒருக்காக் கட்டினால் என்ன என்று கேட்டார். தாயின் முகத்தை நினைத்தோ என்னவோ சுதன் அதற்கும் ஓம் என்றான். மணப்பெண்ணின் தாய் எழும்பி, கட்டினது கட்டினதுதான், இனி அதில் யாரும் கை வைக்க ஏலாது என்று சொன்னதும் அந்தக் கதை முடிந்தது. ஐயருக்கு அடுத்த கலியாணத்துக்கு டெர்மின், நேரம் குறித்தாயிற்று. அவர் தாம்பாளத்தை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

சுதனின் கைத்தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணம். அவன் அதை எடுக்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்று அது அடித்து ஓய்வதைப் பார்த்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத்தான் கார்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

திருப்பினேன். பின்பக்கத்தில், தங்க நிறத்தில் வரிசையாக இருக்குமே சின்னச் சின்னத் தகடுகள், அவற்றின்மேல் காய்ந்த சந்தனம். சந்தனத்தின் நடுவில், முறைப்படி, குங்குமம். காலையில் அது உதிராமல் ஒட்டியிருந்ததால் எப்படியோ வேலை செய்திருக்கிறது. வெளியே எடுத்துத் திரும்பப் போட்டதில் பொடி உதிர்ந்து தகடுகளுக்கு நடுவே அடைத்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"மற்றப் பக்கம் அத்தான் ஸ்டிக்கர் ஒட்டி வைச்சிருக்கிறார். பொட்டு வைக்க எங்கை இடம்?"

நியாயமான கேள்வி.

என் கைப்பையில் பல் இடுக்கைத் துப்புரவாக்கும் குட்டித் தூரிகைகள் எப்போதும் இருக்கும். வேலையிடத்தில் நோயாளிகளுக்குக் கொடுப்பது. ஒரு கதிரையில் இருந்து, கார்டை மடியில் வைத்து, பல் ஊத்தை அகற்றும் அதே பொறுமையோடு தகடு தகடாகத் துடைத்தேன். அப்படி அமைதியான ஒரு நோயாளி எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை. சுற்றி நின்றவர்கள் வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள். அத்தான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேவாரம் என்று நினைக்கிறேன். அக்காவை ஏசியதாகவும் இருக்கலாம்.

லாப்டொப்பில் செருகினோம். சிறிது நேரம் யோசித்தது. பிறகு திரையில் முதலாவதாகத் தோன்றினார், லொறியோடு, பிள்ளையார். சனம் கை தட்டியது. ஐயர்கூடத் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

நண்பன் ஓடினான். ஓடின அவசரத்தில் பிள்ளையாரையும் சேர்த்தே அனுப்பிவிட்டான். அந்தத் தாய் முதலில் அதற்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் மகனைப் பார்த்தாவாம். லொறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கலியாண மண்டபத்துக்குள் லொறி வருகிற அளவுக்கு ஜேர்மனி பெரிய நாடு என்று நினைத்தாவோ தெரியாது.

அத்தான் இப்போது கைப்பிடியோடு மட்டும் நிற்கிறார். கலியாணங்கள் நேரடி ஒளிபரப்பாகின்றன. ஊரில் இருப்பவர்கள் சாப்பிட்டபடி பார்த்து, சேலை நிறம் சரியில்லை என்று உடனுக்குடன் எழுதுகிறார்கள். எல்லாப் படமும் எங்கோ ஒரு மேகத்தில் இருக்கிறதாம். யாரும் எதையும் அழிப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. அழிப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்ட மனுசரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் ஏக்கமும் வரும்.

இந்த வசந்தத்தில் சுதன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அவனுடைய தாய் ஒருமுறைகூட இங்கே வராமலே சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனா. சுதனும் மனைவியும் குசினியில் நின்றார்கள். வரவேற்பறைச் சுவரில் பெரிதாக அந்தப் படம். சுதன் தாலி கட்டுகிறான். அவனுக்குப் பின்னால், பட்டுச் சேலையில், கைகளைக் கோத்தபடி அவனுடைய அம்மா.

தாய் அந்தப் படத்தை ஊரில் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தன்னையும் அதற்குள் நிற்க வைக்கச் சொல்லியிருக்கிறா. செய்தவன் கெட்டிக்காரன். வெளிச்சம் மட்டும்தான் கொஞ்சம் பிசகு. அவவின் முகத்தில் யாழ்ப்பாணத்து வெயில். அன்று லைட் பிடித்தவள் நான். அந்த இடத்தில் நின்றது மண்டபத்துச் சிவப்புத் தீயணைப்பு உருளை என்பது எனக்குத் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட அவர்களுடைய மகள், நான்காம் வகுப்புப் படிக்கிறவள், பக்கத்தில் வந்தாள். எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து விளக்கம் சொன்னாள்.

"இது அப்பாவின்ரை அம்மா. அவ கலியாணத்துக்கு மட்டும்தான் வந்தவ."

குசினி வாசலில் சுதன் கறிச் சட்டியோடு நின்றான். என்னைப் பார்த்தான்.

"ஓம்," என்றேன். "எனக்கு நல்ல ஞாபகம்."

வீட்டுக்கு வந்து அன்று எடுத்த அசல் படத்தைத் தேடினேன். நாங்கள் படங்களைப் பதிந்து வைத்த சீடி வெள்ளி உரிந்து கிடக்கிறது. வீடியோக் கசெட்டைப் போட்டுப் பார்க்கிற மெஷின் தெரிந்தவர் யாரிடமும் இல்லை. சுதனின் அல்பமும் ஒருமுறை வீடு மாறியபோது எங்கோ தவறிவிட்டது. அந்தக் கார்டையோ, அத்தான் அடுத்த கலியாணத்துக்கு முன்பே, நல்ல நேரம் பார்த்து, ஃபோர்மட் செய்துவிட்டார். சுவரில் இருக்கும் அந்தப் படம்தான் மிச்சம். அவ வராமல் நடந்த கலியாணம் இப்போது எங்கேயும் இல்லை.