மணலுக்குப் பெரிய பல்

சைக்கிள் கடையில் கஷ்டமான வேலை எது தெரியுமா? பஞ்சர் ஒட்டுவது இல்லை. வந்தவர் வாயில் ஒன்று இருக்கும், மனசில் ஒன்று இருக்கும், அதைப் பிடிப்பதுதான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் நம் எல்லாருக்கும் இந்தப் பாடு உண்டு. கேளம்பாக்கத்துக் கடையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற எனக்கு அதைப் புரிய வைத்தவள் மெர்சி.

தோளில் தூக்கிக்கொண்டு

மெர்சி அணுபுரத்துப் பெண். அவளுடையது சைக்ளோகிராஸ் சைக்கிள். மணல், சேறு, புல் எல்லாவற்றிலும் ஓட்டுகிற பந்தய வண்டி. ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் பந்தயம். முதல் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி முகாமில் இடம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.

எங்கள் மெக்கானிக் ஏழுமலை அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாம்மா இது? வண்டி நம்மள சுமக்கும்னு வாங்கினா, வண்டிய நாம சுமந்துகினு ஓடணுமா?”

ஒண்ணா, ரெண்டா?

முன்பக்கம் பல்சக்கரம் ஒன்று போதும் என்றாள். இரண்டு போட்டால் நிறைய கியர் கிடைக்குமே என்று நானும் விடாமல் பேசிப் பார்த்தேன். சேற்றில் செயின் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் என்றாள். நான் மடக்க மடக்க, என் இடுப்பில் இருந்த மகளைக் காட்டிக் கேட்டாள்: “கொயந்தைக்கு ஒரே நேரத்துல ரெண்டு ஸ்பூன்லயா ஊட்டுவ?”

சீட்டு

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு வண்டியை விட்டுவிட்டு, “மணல்ல மிதிக்க முடியலக்கா, பெரிய பல்லா போட்டுடு” என்று சொல்லி பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து என் மகள் பேரிங் குண்டு டப்பாவைக் கவிழ்த்திருந்தாள். ‘பெரிய பல்’ மட்டும்தான் காதில் விழுந்தது. ஈசிஆர் ரோட்டில் வேகம் பார்க்கிறவர்கள் பெரிய பல், அதாவது பெரிய பல்சக்கரம், என்றால் முன்பக்கத்துக்குத்தான் கேட்பார்கள். மெர்சி கேட்டது பின்பக்கம். பின்னால் பெரிதானால் மிதி லேசாகும். முன்னால் பெரிதானால் கனக்கும்.

மெக்கானிக்குக் கொடுக்கிற வேலைச் சீட்டில் ‘முன்பக்கம், பெரிசு’ என்று எழுதினேன். ஏழுமலை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னாடியா? நல்லா கேட்டியாம்மா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

போன்

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவில் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அணுபுரம் குடியிருப்புக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மெர்சி போன் செய்தாள். “அக்கா, மிதி கனமா கீதே?”

குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னேன்: “புது செயின் போட்டிருக்கு இல்லையா, பழகிடும்மா.”

நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மற்றவர்கள் மிதித்துப் போன மணலில் எல்லாம் அவள் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்பதாவது.

அடுத்த நாள் கடைக்கு வந்தாள். செயினில் மணல் அப்படியே இருந்தது. ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். முன்பக்கத்தைப் பழையபடி மாற்றி, பின்னால் பெரிசு போட்டுக் கொடுத்தோம்.

நாள் முழுக்கப் பல் எண்ணுகிறவள், அவள் சொன்ன ஆறு வார்த்தையில் இரண்டோடு எண்ணிக்கையை நிறுத்திவிட்டேன்.

கிளம்பும்போது மெர்சி படியில் நின்றாள்.

“எனக்கு வயசு தாண்டிடும். இனிமே இந்த வண்டி என் தங்கச்சிக்குத்தான். அவ கனமா கீதுன்னு சொன்னா, பழகிடும்னு மட்டும் சொல்லிடாதக்கா.”