கீழிருந்து நாலாவது பெயர்

மெழுகுதிரியைச் சரித்துப் பிடித்தால் முதல் துளி உடனே விழுந்துவிடாது. கொஞ்ச நேரம் விளிம்பிலேயே நிற்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டுக்குக் கிட்ட உள்ள சின்னப் பூங்காவில், ஒரு கறுப்புக் கல்லின் முன்னால் அந்தத் துளிக்காக நான் காத்து நின்றது முப்பது வருஷத்துக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில் நடந்த பெரிய சண்டைக்குப் போய் வந்த அந்தப் பகுதி ஆட்களின் பெயர்களை வெட்டி வைத்த கல் அது. கீழிருந்து நாலாவது பெயரின் கரையில் ஒரு துளி விட்டு, இறுகுவதற்கு முன் பெருவிரலால் அமத்திவிட்டு வருவேன். அது எங்கள் அப்பாவின் பெயர். காட்டித் தந்தது அண்ணன்.

அப்பா சண்டைக்குத் துவக்கோடு போகவில்லை, அகப்பையோடு போனார். பட்டாளத்துக் குசினியில் கடல் கடந்து போய், திரும்பி வந்து துறைமுகத்தில் வேலை செய்து, வீட்டுக் கட்டிலில்தான் செத்தார். அக்கம்பக்கத்தில் சிலருக்கு அது பகிடி. "உங்கட அப்பா எதிரிக்குச் சுடுதண்ணியா ஊத்தினவர்?" என்று கேட்பார்கள். அம்மா அதற்காக இரண்டு வீட்டோடு சாகும்வரை கதைக்கவில்லை. அந்தக் கல் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அம்மா படுத்த படுக்கை. "தம்பி, அப்பாவின்ர பேரும் அதில வரவேணும். இல்லாட்டி எனக்குச் சாக மனமில்லை" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கிளாக்கர். எங்கள் வீட்டில் இங்கிலீசு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அப்பாவின் கடதாசிகளையும் சீருடை போட்ட படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கல் வைக்கிற சங்கத்து ஆட்களைத் தேடி நாள்கணக்காக அலைந்தான். கடைசி நாள் வந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையைப் போட்டேன், இருக்கவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்தான். பிறகு அறை வாசலில் நின்று, "போட்டாச்சு அம்மா" என்றான். அந்த மாதமே அம்மா நிம்மதியாகப் போய்விட்டார்.

கல் வைத்த பிறகு என்னை ஒருமுறை உள்ளே கூட்டிப்போய், "இந்தா, கீழயிருந்து நாலாவது" என்று விரலால் காட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கல்லுக்குக் கிட்ட வந்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் என்னோடு வருவான். வாசல் கேட்டோடு நின்றுவிடுவான். சாவிக்கொத்தைக் கையில் போட்டுக் குலுக்கிக்கொண்டே நிற்பான். "கெதியா வா, பஸ் போகப்போகுது" என்று அங்கிருந்தே கத்துவான். "அப்பாவுக்கு ரெண்டு நிமிஷம் நிக்க ஏலாதோ உனக்கு?" என்று ஏசுவேன். அவன் றோட்டைப் பார்ப்பான். பஸ்ஸில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். பிறவிப் பரபரப்பு என்று நினைத்திருந்தேன். அவன் செத்த பிறகு தனியாகப் போய் வந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அம்மா வேலைக்குப் போக, வீட்டைப் பார்த்தது நான். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீசு எழுத்து எனக்குக் கம்பிவேலி மாதிரி. அந்தக் கல்லில் இருப்பது முழுக்க அதுதான். இதை வாசித்துச் சொல்லுங்கள் என்று யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் என்னிடம் இல்லை. அதற்குத்தான் மெழுகுத் துளி; போன வருஷத்து அடையாளம் இருந்தால் எண்ணவும் தேவையில்லை. ஆனால் ஒரு வருஷமாவது அந்தத் துளி மிஞ்சியதில்லை. தோட்டக்காரனைச் சிங்களத்தில் நன்றாக ஏசினேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

எப்போதும் நான் போவது மரித்தோர் தினத்தில், சேமக்காலையில் கல்லறைகளைப் பார்த்துவிட்டு. இந்த முறை முழங்கால் வருத்தத்தில் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பிந்திவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளுக்குச் சொல்லாமல் வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்துப் போனேன். கல்லுக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு மனிசி குனிந்து நின்றாள். மலே முஸ்லிம் மனிசி, அறுபது வயது இருக்கும். கையில், சண்டைக்குப் போனவர்களுக்கென்று வருஷா வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிறு வைக்கிற சிவப்புக் கடதாசிப் பூ. என் கையிலிருந்த மெழுகுதிரியைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"ஓ! நீங்கதானா அது?" என்றாள். "எத்தின வருஷமா நகத்தால சுரண்டுறன் தெரியுமா அக்கா? எங்கட வாப்பாட பேர்ல ஆரு மெழுகு ஊத்துறதெண்டு வீட்டுல பெரிய கத. உம்மா மௌத்தாகுமட்டும், கடைசி மூச்சு வரைக்கும் கேட்டா, உங்க வாப்பாக்குச் சின்ன வீடு இருந்திச்சா எண்டு!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விரல் கீழிருந்து நாலாவது பெயரில் இருந்தது.

"கண்ணாடி கொண்டு வரேல்ல தங்கச்சி" என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது. "மேலயிருந்து எல்லாப் பேரையும் ஒருக்கா வாசியுங்கோ."

ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் என் கால் ஒருமுறை மாறி நின்றது. கடைசிப் பெயரில் விரல் நின்றது. "முடிஞ்சிது அக்கா. உங்கட வாப்பாட பேரு எது?"

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு முறை கல்லைப் பார்த்தாள்.

"அவர் பட்டாளத்துக் குசினிக்காரர்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே அதைச் சொன்னேன்.

"குசினியா?" என்றாள். "எங்கட வாப்பா மௌத்தாகுமட்டும் அந்தப் பட்டாளத்துப் பருப்பக் குத்தம் செல்லிக்கொண்டே இருந்தாரே!"

"அது எங்கட அப்பா வைச்ச பருப்பா இருக்காது" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மகள் கேட்கிறாள், என்னம்மா, முழங்காலை வைத்துக்கொண்டு இந்த நடை நடக்கிறீர்கள் என்று. சங்கத்து ஆட்கள் முடியாது என்றார்களா, குசினிக்காரனுக்குக் கல்லா என்று சிரித்தார்களா, அல்லது அண்ணன் கேட்க வெட்கப்பட்டுப் பாதியில் திரும்பினானா? அம்மாவுக்காகச் சொன்ன பொய்யை எனக்காக ஏன் இத்தனை வருஷம் சுமந்தான்? வாசிக்கத் தெரியாதவள்தானே என்று நினைத்தானா? அந்த நினைப்பில் கோபம் வரும். உடனே அந்தச் சாவிச் சத்தம் கேட்கும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வந்தவன், கேட்டுக்கு வெளியே வேறு எப்படி நின்றிருப்பான்?

அன்று அந்த மனிசி கையிலிருந்த பூவைக் கல்லடியில் வைத்தாள். பிறகு, "வைங்க அக்கா, வழமையா வைக்கிற இடத்திலயே வைங்க. இனிச் சுரண்ட மாட்டன்" என்றாள். பிறத்தியாரின் இடம் எங்களுக்கு எதற்கு? கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு சாண் அளவு கல் வெறுமையாகக் கிடந்தது. முழங்கால் மடியவில்லை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். திரியைச் சரித்தேன். துளி விளிம்பிலேயே நின்றது. என்னையறியாமல் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கெதியா வா என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை.

துளி விழுந்தது. அமத்தினேன். பக்கத்தில் இன்னொன்று விட்டேன், அண்ணனுக்கு.