ஜோடி பிரிக்காத அர்ச்சுனன்

அழுக்குக் காலுறைகளை வாளியில் அமுக்குவதற்கு முன்பே அர்ச்சுனன் இரண்டின் நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். சவர்க்காரத் தண்ணீரில் எப்படிப் புரட்டினாலும் ஒன்றை விட்டு ஒன்று ஓடாது. காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நுனியிலிருந்து இறுக்கிச் சுருட்டி, மேல்வாயை மடித்து மூடுவார். பந்து பந்தாகப் பைக்குள் இறங்கும். திங்கட்கிழமை மாலை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பக்கம் போனால் கொடி நிறைய மஞ்சள் காலுறை ஜோடி ஜோடியாகத் தொங்கும். அடியில் முக்காலி போட்டு அர்ச்சுனன் காவல் இருப்பார்.

காவல் தேவைதான். லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் கால்பந்துக் காலுறையைத்தான் முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். முள் ஏறாது, அட்டை கடிக்காது. நல்லதாக ஒன்று கொடியில் தொங்கினால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஆட்டக்காரர்களையும் நம்புவதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும், திடலைவிட்டு வெளியேறும் வழியில் அர்ச்சுனன் பையை விரித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

“உரி. ரெண்டையும் உரி.”

“அண்ணே, ஒன்னு கிழிஞ்சி போச்சிண்ணே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி தச்சிக் கொண்டாறேன்.”

“கிழிஞ்சதுக்கும் ஜோடி இருக்குலா. குடு.”

அது தோட்டத்து மூத்தோர் கால்பந்துக் குழு. நாற்பதைத் தாண்டியவர்கள் மட்டுமே ஆடலாம். பாதிப்பேர் இங்கே பிறந்து, ராசா, மம்பாவ் என்று பக்கத்து ஊர்களுக்குக் குடிபோனவர்கள். ஒருவர் லோரி ஓட்டுகிறார், இன்னொருவர் தொழிற்சாலையில் பாதுகாவலர். ஞாயிறு காலையில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு காரைவிட்டு இறங்குவார்கள். அர்ச்சுனன் மட்டும் தோட்டத்தைவிட்டு நகரவில்லை. உர ஸ்டோரில் வேலை. முன்பு இந்தக் குழுவுக்குக் கோல் காவலர் அவர்தான். முட்டி வீங்க ஆரம்பித்ததும் அணித்தலைவர் இராஜமாணிக்கம் தோளில் கை போட்டு, “குழுவோட சாமான் பைய நீ பாத்துக்கய்யா. ஒன்ன விட்டா யாரு இருக்கா? கீப்பர் யாராச்சும் வரலன்னா நீதான் எறங்கணும்” என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அர்ச்சுனன் பிடித்துக்கொண்டார். அதற்காகவே தன் பழைய கையுறைகளைப் பையின் அடியில் வைத்திருக்கிறார். விரல் சந்துகளில் அவரே மீன்பிடி நூலால் தைத்த தையல் ஓடும்.

அவர் இடத்துக்கு வந்தவன் ரவிச்சந்திரன். ராசாவில் வீடு, வங்கியில் வேலை. நாற்பத்திரண்டு வயதில் தொப்பை இல்லை. அர்ச்சுனன் கண்ணுக்கு அதுவே முதல் குற்றம். பந்துக்குப் பாய்வான், எழுந்ததும் தலைமுடியைச் சரிசெய்வான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் கை தட்டுவார்கள். அர்ச்சுனனின் மனைவி விமலாவும் தட்டினாள். அன்று வீட்டில் அதுதான் பேச்சு.

“நல்லாத்தானே புடிச்சாரு? தட்டுனா என்னா?”

“நான் புடிச்சப்ப நீ ஒரு நாளாச்சும் தட்டிருக்கியா?”

“நீங்க நின்னப்ப நான் சாமிய கும்புட்டுக்கிட்டுல்ல இருப்பேன். தட்டுறதுக்குக் கை எங்க இருந்துச்சி?”

ரவிச்சந்திரனின் கையுறைகள் வெளிநாட்டுச் சரக்கு. உள்ளங்கைப் பக்கம் மெத்தென்று இருக்கும். முதன்முதலில் துவைக்கக் கொடுத்தபோதே, “அண்ணே, முறுக்கிப் புழியாதீங்க. நெழல்ல காய வைங்க” என்று பாடம் நடத்தினான். அவன் பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்கிய காலத்திலேயே கோல் காத்தவர் அர்ச்சுனன். சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னதைவிட ஒரு படி மேலாகத்தான் செய்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி, துண்டில் ஒற்றி, குளியலறைக் கம்பியில் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துக் கிளிப் போட்டார். அவன் வாயில் ஒரு குறை வரக்கூடாது. காய்ந்ததும் மாட்டிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடுக்களையிலிருந்து விமலா எட்டிப் பார்த்தாள்.

“மாட்டிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க, அப்படியே வந்து அடுப்புல இருக்கற சட்டிய எறக்கி வைங்க.”

இந்த வருடம் தீபாவளிக் கிண்ணத்தின் அரையிறுதியில் மம்பாவ் குழு வந்து மாட்டியது. அன்று காலை பை அடுக்கும்போது அர்ச்சுனன், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். எப்போதும் கிளிப்போடே பைக்குள் போகும் ரவிச்சந்திரனின் கையுறைகளிலிருந்து, குளியலறையிலேயே கிளிப்பைக் கழற்றினார். இடக்கை உறையைப் பைக்குள் வைத்தார். வலக்கை உறையைத் தன் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினார். யோசனை லேசானதுதான். கையுறை இல்லாமல் தனக்குப் பந்து நிற்காது என்று அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒற்றையை வைத்துக்கொண்டு முழிப்பான். இராஜமாணிக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே அர்ச்சுனன் தயாராக நிற்பார்.

திடலில் ரவிச்சந்திரன் பைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

“அண்ணே, ஒன்னுதான் இருக்கு.”

மொத்தக் குழுவும் பையைச் சூழ்ந்துகொண்டது.

“அர்ச்சுனன் பையில ஒத்தையா? சான்ஸே இல்லலா. நல்லா தேடு.”

“அண்ணன் தொலைக்கிற ஆளா? நம்மாளுங்க எவனோ எடுத்து ஒளிச்சிருக்கான்.”

யாருக்கும் அவர்மேல் சந்தேகமே வரவில்லை. கொஞ்சமாவது வந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு. சுருட்டி வைத்த காலுறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினார்கள். அப்படி உதறிக்கொண்டு போனதில்தான் பையின் அடியில் கிடந்த பழைய ஜோடி ரவிச்சந்திரன் கையில் சிக்கியது.

“இது யாரோடது?”

அர்ச்சுனன் வாயைத் திறப்பதற்குள் அவன் மாட்டியே விட்டான். கையை மூடித் திறந்து பார்த்தான்.

“அட, சொகமா இருக்கே!”

“நம்ம அர்ச்சுனனோடதுலா,” என்றார் இராஜமாணிக்கம். “போட்டுக்க, போட்டுக்க. ராசியான கை.”

நடுவர் விசில் ஊதினார்.

முதல் பாதி ஆட்டத்தில் அர்ச்சுனன் பந்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தார். இராஜமாணிக்கம் ஒரு கோல் அடித்ததுகூட மற்றவர்கள் குதித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தான் தைத்த தையலோடு தன் கையுறை இன்னொருவன் கையில் எழும்பி எழும்பிப் பந்தை அணைத்தது. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். அந்தக் கையுறையாலேயே தலைமுடியையும் கோதிவிட்டுக்கொண்டான். கோலில் அவன் நிற்பதைக்கூடப் பொறுத்துவிடலாம், இதைப் பொறுக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

இடைவேளை விசில் ஊதியதும் வீங்கிய முட்டியோடு மோட்டார் சைக்கிள் பக்கம் ஓடினார். சீட்டைத் தூக்கினார், எடுத்தார், மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“கெடச்சிருச்சி! மோட்டார்ல கெடந்துச்சி!”

“மோட்டார்லயா?” என்றார் இராஜமாணிக்கம். “சீட்டுப் பூட்டியில்ல இருக்கும். அங்க எப்படிய்யா போச்சி?”

அர்ச்சுனன் காதில் அது விழவில்லை. “இந்தா தம்பி, ஒன்னோட ஜோடி. என்னுத கழட்டிக் குடு.”

ரவிச்சந்திரன் தண்ணீர் குடித்து முடித்தான். நீட்டிய கையுறையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

“வேணாம்ண்ணே. இது கைக்குப் பழகிருச்சி. பந்து ஒட்டிக்கிட்டு நிக்கிது.”

“இல்ல தம்பி, அது பழசு. நூலு விட்டுரும்.”

“யாரு தச்சது? நீங்கதானே? விடாதுண்ணே.”

அவன் சிரித்துவிட்டுத் திடலுக்குள் இறங்கினான். வெளிநாட்டு வலக்கை உறையோடு அர்ச்சுனன் கோட்டோரத்தில் நின்றார். நாற்காலியிலிருந்து விமலா அவர் பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“காலையில பாத்ரூம்ல கிளிப்பு மட்டும் தனியா கெடந்துச்சி. நான் ஒன்னும் கேக்கல.”

அவர் கையிலிருந்த ஒற்றை உறையைப் பைக்குள் திணித்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோட்டம் முன்னால் நிற்கும்போது, நம் ஆள் ஒருவர் பெட்டிக்குள் மம்பாவ்காரர் காலை வாரிவிட்டார். பினால்டி. எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அர்ச்சுனன் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றார். பந்து உள்ளே போகட்டும் என்று நினைத்தார். அடுத்த வாரம் இராஜமாணிக்கம் தன்னைத் தேடுவார் அல்லவா? உடனே, அந்தக் கையுறையில் பட்டு நழுவிப் போய்விடக்கூடாதே என்றும் நினைத்தார். இரண்டு வேண்டுதலும் நெஞ்சில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும்போதே மம்பாவ்காரர் உதைத்துவிட்டார்.

ரவிச்சந்திரன் வலப்பக்கம் விழுந்தான். பந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் போய் அப்படியே நின்றது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

திடல் அதிர்ந்தது. பெண்கள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்கள். விமலாவும் தட்டினாள். இந்தத் தடவை கோல் பக்கம் பார்க்காமல், இவரையே பார்த்துக்கொண்டு தட்டினாள். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசி விசிலுக்குப் பிறகு ரவிச்சந்திரன் நேராக அவரிடம் வந்தான். கையுறைகளைக் கழற்றி நீட்டினான்.

“நான் எங்கண்ணே புடிச்சேன்? ஒங்க கைதான் புடிச்சிச்சி.”

நல்ல வார்த்தைதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அர்ச்சுனன் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பார். அவன் சொல்லிவிட்டானே என்பதுதான் வயிற்றெரிச்சல். அதற்குள் இராஜமாணிக்கம் படமெடுக்க எல்லாரையும் கூப்பிட்டார். ரவிச்சந்திரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அர்ச்சுனன் கோல் கம்பத்தடியில் தனியாக நின்றார். தன் கையுறையின் உள்ளங்கைப் பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வலக்கையை உள்ளே நுழைத்தார். அவனுடைய சூடும் வேர்வையும் இன்னும் ஆறாமல் உள்ளே இருந்தன. வெடுக்கென்று கையை வெளியே இழுத்துக்கொண்டார். படமெடுக்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மறுபடியும் உள்ளே விட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நுனிவரைக்கும் தள்ளினார்.